மணிக்கட்டில் ஒரு ரீங்காரம்

துறையூரிலிருந்து திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போகிற ஆறே முக்கால் பேருந்தில், ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது வரிசை ஜன்னலோரம்தான் அம்சவேணி டீச்சரின் இடம். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும், இரண்டு வருடமாக அங்கேதான் உட்கார்ந்து போகிறாள். போய் நாலு மணி நேரம் கட்டிலில் படுத்து, வேலையை விட்டுவிட்ட சிறுநீரகங்களுக்குப் பதிலாக ஓர் இயந்திரத்திடம் ரத்தத்தைக் கொடுத்து அலசித் திரும்ப வாங்கிக்கொண்டு வருகிறாள், சலவைக்குப் போட்ட புடவை மாதிரி, எண்ணிப் பார்த்து வாங்கத்தான் வழியில்லை. மற்ற நாளென்றால் புலிவலம் வருவதற்குள் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்து வாய் லேசாகத் திறந்துவிடும். இன்று தூக்கம் வரவில்லை. முந்தானைக்கு அடியில் வலது கையின் மூன்று விரல்கள் இடது மணிக்கட்டைத் தடவித் தடவி எதையோ தேடுகின்றன. நேற்று மாலை வரை அங்கே ஒரு ரீங்காரம் இருந்தது, தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டு மாதிரி, ஜும்மென்று, இரவு பகல் ஓயாமல். இன்று அது இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியவில்லை, ஏனென்றால் அது இருக்க வேண்டிய இடத்தின் மேலேயே இரண்டு கண்ணாடி வளையல்கள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, சதைக்குள் புதைந்து உட்கார்ந்திருக்கின்றன. வளையலுக்குக் கொஞ்சம் மேலே விரலை வைத்தால் ஏதோ நடுங்கத்தான் செய்கிறது. ஆனால் பேருந்தே நடுங்குகிறது, ஜன்னல் கம்பி, இருக்கை, கண்டக்டரின் தோல்பை, பக்கத்துப் பெண்ணின் காலடியில் கிடக்கிற கத்தரிக்காய் மூட்டை, எல்லாவற்றிலும் ஒரே நடுக்கம், இதில் எது இன்ஜின், எது நான்? வீட்டில் விடிகாலையில் அமைதியாக இருந்தபோதும் பார்த்தாள். ஒரு கணம் இருந்தது போலிருந்தது, மறுகணம் அது தொடுகிற விரலின் நாடி என்று தோன்றியது. முப்பத்தொரு வருடம் விலங்கியல் நடத்தியவளுக்குத் தன் கையிலேயே விடை தெரியவில்லை, ஒரு மார்க் கேள்வி.

டாக்டர் கூட அன்றைக்குத் தாளில் படம் போட்டு விளக்க வந்தவர், "டீச்சர், உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்று பேனாவை மூடிவிட்டார். சொல்ல வேண்டியதில்லைதான். தமனிக்குச் சிவப்புப் பென்சில், சிரைக்கு நீலப் பென்சில், இரண்டையும் சீவி வைத்துக்கொண்டு வராதவனை வெளியே நிற்க வைத்தவள் அவள். தமனியின் சுவர் தடிமன், நடுவுறையில் தசை அதிகம், இதயம் கொடுக்கிற ஒவ்வோர் அடியையும் அது வாங்கி விரிந்து சுருங்கித் தாங்க வேண்டும். சிரையின் சுவர் மெல்லிசு, அதுவரை எந்த அடியும் வந்து சேராது, களைத்துப்போன ரத்தம் மெதுவாகத் திரும்புகிற பாதை, அது பின்னால் வழுக்கிவிடாமல் வழியெல்லாம் ஒரு பக்கமாக மட்டும் திறக்கிற வால்வுகள். இரண்டுக்கும் நடுவில் தந்துகிகள், ஒரே செல் கனமுள்ள சுவர், அதற்குள் சிவப்பணுக்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போக முடியும், கொடுக்கல் வாங்கல் எல்லாம் அங்கேதான். இதைத்தான் டாக்டர் அவளுடைய மணிக்கட்டில் கலைத்துப் போட்டார். இயந்திரத்துக்கு வேகமான ரத்தம் வேண்டும், ஊசி குத்தத் தடித்த குழாய் வேண்டும், அதனால் இடையிலிருந்த தந்துகிகளைத் தாண்டி, தமனியைக் கொண்டுபோய் நேராகச் சிரையில் தைத்துவிட்டார். ஃபிஸ்டுலா என்று பெயர். "ஆறு வாரம் பொறுங்க, சிரை பழுக்கணும்" என்றார். பச்சை ரப்பர் பந்து ஒன்றை அழுத்தி அழுத்தி அதைப் பழுக்க வைத்தாள். அதுவரை சாதுவாக இருந்த சிரை, இதயத்தின் அடி தன் மேல் விழுந்ததும் முதலில் திகைத்து, பிறகு பயந்து, பிறகு வேறு வழியில்லாமல் சுவரைத் தடிமனாக்கிக்கொண்டு கயிறு மாதிரி புடைத்து எழுந்து, பாய்கிற ரத்தத்தின் வேகத்தில் ரீங்கரிக்கத் தொடங்கியது. அதைப் பார்க்க அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அதனிடம் யாராவது கேட்டார்களா என்ன. அப்புறம் கட்டளைகள்: அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, கடிகாரம் வளையல் எதுவும் கூடாது, அந்தப் பக்கமாகப் படுக்கக் கூடாது. ரீங்காரம் நின்றால் ஒரு நாளைக்குள் வந்துவிட வேண்டும், அடைத்திருக்கிற ரத்தக் கட்டியை எடுத்துப் பார்க்கலாம். தாண்டிவிட்டால் சிரை போனது போனதுதான். "உங்க கையில இதை விட்டா வேற நல்ல சிரை இல்ல டீச்சர்" என்று அவர் கடைசியாகச் சொன்னது, மழை நாளில் சுவரில் ஊறுகிற ஈரம் மாதிரி அவளுக்குள் இருந்துகொண்டே இருக்கிறது. கழுத்தில் குழாய் போடுவார்கள், பக்கத்துக் கட்டில் ராமாயிக்குப் போட்டார்கள், அதில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்தது, பிறகு அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் வந்துவிட்டார். மகள் நித்திலாவுக்குப் பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் போய்விடுவேனோ என்பதுதான் இப்போது பயம், வேறு பயமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது.

அந்த நித்திலா போட்ட வளையல்கள்தான் இவை. ஒரே மகள், நேற்று மாலை வீட்டுக் கூடத்தில் அவளுக்கு வளைகாப்பு. மனையில் உட்கார்ந்திருந்தவளுக்குச் சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்து கன்னத்தில் சந்தனம் பூசி வளையல் அடுக்க, அம்சவேணி சந்தனக் கிண்ணத்தை வலது கையில் ஏந்திக்கொண்டு சுவரோரமாக நின்றாள், நெற்றியில் விபூதிக் கீற்றோடு, வெறுங்கையோடு. கணவர் தனகோடி போன பிறகு விசேஷ வீடுகளில் அவளுக்கென்று இருக்கிற இடம் அதுதான், ஒன்பது வருடத்தில் கால் தானாகவே அங்கே போய் நின்றுகொள்ளும். எல்லோரும் போட்டு முடித்ததும் நித்திலா தட்டிலிருந்து ஐந்து வளையல்களை எடுத்துக்கொண்டு, "அம்மா, இங்க வா" என்றாள். நாத்தனார் பவுனாம்பாள் முந்திக்கொண்டார். "அவளுக்கு எதுக்குடி வளையலு? அட்சதை போட்டுட்டுப் போகட்டும்." நித்திலா திரும்பக்கூட இல்லை. "இது என் வளைகாப்பு அத்தை. எங்கம்மா கைக்கு நான் போடுவேன்." கூடத்தில் யாரோ மூச்சை இழுத்துக்கொண்டார்கள். வலது கையில் கிண்ணம் இருந்ததால் அவள் பற்றியது இடது கையை. அந்தக் கை வேண்டாம்டி என்று தொண்டை வரை வந்துவிட்டது. வாயைத் திறந்திருந்தால் கூடத்தின் காதில் 'வேண்டாம்' மட்டும்தான் விழுந்திருக்கும், பவுனாம்பாள் தலையை ஆட்டியிருப்பார், மகள் நாலு பேர் நடுவில் தோற்றுப்போயிருப்பாள். கண்ணில் நீர் கட்டி, பார்வை மறைக்க, நித்திலா விரல் முட்டிகளை அழுத்தி அழுத்தி ஒவ்வொன்றாக ஏற்றினாள். அவளுக்கு வாங்கிய அளவு, அம்மாவுக்குச் சிறிசு. இத்தனைக்கும் 'இடது கையில் ஊசி, பிரஷர் எதுவும் கூடாது' என்று அட்டையில் எழுதி அம்மாவின் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டவளே அவள்தான். சந்தோஷத்தில் மறந்துவிட்டாள், அவ்வளவுதான், சந்தோஷத்தில் மறப்பதற்குத்தானே அட்டையெல்லாம் எழுதுகிறோம். விருந்தினர் போகும் வரை கழற்ற வழியில்லை. அப்புறம் மகள், "இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும்மா, அழகா இருக்கு" என்று அந்தக் கையையே மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். விடிகாலையில் சோப்பு நுரையில் மூன்று வழுக்கிக்கொண்டு வந்தன. இரண்டு வரவில்லை, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வெளியேறாத தண்ணீரெல்லாம் கையில் நின்று மணிக்கட்டு அதிரசம் மாதிரி உப்பியிருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். அம்மிக் குழவியைக் கையில் எடுத்தும்விட்டாள். அப்போது அறைக்குள் நித்திலா புரண்டு படுத்தாள், இரண்டு கை நிறைய வளையல்கள் சலசலத்தன, வயிற்றிலிருக்கிற பிள்ளைக்குக் கேட்கட்டும் என்று போட்ட வளையல்கள். குழவியை மெல்லக் கீழே வைத்தாள். கிரகணத்தன்று நிறைமாதக் கணக்கு டீச்சரைக் கையைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்துவந்து, கண்ணாடி கொடுத்துச் சூரியனைப் பார்க்கவைத்த அதே அம்சவேணி.

உடைப்பது ஒன்றும் அவளுக்குப் புதிதில்லை, அதுதான் தொல்லை. தனகோடி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பேப்பர் படித்துக்கொண்டே சரிந்தார். இதயம் நிறைய ரத்தம் இருந்தாலும் அது தனக்கென்று அதிலிருந்து ஒரு வாய் அள்ளிக் குடிக்க முடியாது, அதற்கும் வெளியிலிருந்து சின்னஞ்சிறு தமனிகள்தான் ஊட்ட வேண்டும், அந்தப் படத்தை வெள்ளிக்கிழமைதான் போர்டில் போட்டிருந்தாள், பென்சில் முனை அளவு இடத்தில் ஒரு கட்டி போதும். பதினாறாம் நாள் விடியலில் இரண்டு கையிலும் வளையல் போட்டுவிட்டு, பிறகு பவுனாம்பாளே மணிக்கட்டுகளைச் சேர்த்துத் தட்டினார். மாட்டேன் என்று சொல்லப் பள்ளிக்கூடத்து வாய் ஒன்று அவளுக்கு இருந்தது, அன்று திறக்கவில்லை. சில்லு ஒன்று கீறி ரத்தம் வந்தது. கருஞ்சிவப்பு, துடிப்பில்லாமல் கசிகிறது, சிரை, தமனியென்றால் விட்டுவிட்டுப் பீச்சும் என்று மனசு தானாகப் பாடம் நடத்தியது, அழ வேண்டிய நேரத்தில் இப்படியும் ஒரு மனசா என்று அப்புறம் வெட்கப்பட்டாள். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த நித்திலாவுக்கு அப்போது இருபது வயது, கொல்லைப் பக்கம் ஓடி வாந்தி எடுத்தாள். நேற்று அவள் ஐந்து வளையல்களை எடுத்தபோது அந்தப் பதினாறாம் நாளைத்தான் திருப்பி எடுத்தாள் என்று அம்மாவுக்குத் தெரியாதா. அதைப் போய் உடைப்பதா. வளைகாப்புக்கு மறுநாள் காலையிலா. திருவெள்ளறை தாண்டி, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, பெரிய வாய்க்கால், கிளை வாய்க்கால், வரப்போரக் கன்னி வாய்க்கால், கடைசியில் ஒரு நாற்றின் கால் நனைகிற அளவுக்கு. தமனியும் இப்படித்தான் பிரிந்து பிரிந்து போகும் என்று இதைக் காட்டித்தான் பையன்களுக்குச் சொல்வாள். கரப்பான்பூச்சிக்கு இந்த வம்பே இல்லை, ரத்தம் குழாய்களை விட்டு வெளியே வந்து உடம்பெல்லாம் தேங்கிக் கிடக்கும், உறுப்புகள் அதிலேயே குளித்துக்கொண்டிருக்கும், யாரும் தைக்க வேண்டாம், எதுவும் பழுக்க வேண்டாம். மீனுக்கு ஒரே சுற்று, இதயத்தை விட்டுக் கிளம்பிய ரத்தம் செவுளுக்குப் போய் அப்படியே உடம்புக்குப் போய்விடும், நடுவில் இதயத்துக்கு வராது. நமக்குத்தான் நுரையீரலுக்குப் போனது ஒருமுறை திரும்பி வந்து, பலம் கூட்டிக்கொண்டு மறுபடி புறப்படுகிறது, பிரசவத்துக்கு வந்திருக்கிற பெண் மாதிரி. தமனி என்றால் நல்ல ரத்தம், சிரை என்றால் கெட்ட ரத்தம் என்று எழுதியவனுக்கெல்லாம் சுழி போட்டிருக்கிறாள். போவதா திரும்புவதா என்பதுதான் கணக்கு, உள்ளே என்ன ஓடுகிறது என்பதல்ல. தொப்புள்கொடியில் பிள்ளைக்கு நல்ல ரத்தம் கொண்டுபோவதே ஒரு சிரைதான். போன மாதம் ஸ்கேன் எடுத்துவிட்டு நித்திலா போனில் அந்தச் சத்தத்தை அனுப்பியிருந்தாள், "கேளும்மா, குதிரை ஓடற மாதிரி இருக்கு." அம்சவேணி கதவைச் சாத்திக்கொண்டு, போனை வலது காதிலும் இடது மணிக்கட்டை இடது காதிலும் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் குதிரை, ஒரு பக்கம் வண்டு. அன்றைக்கு ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

"வளைகாப்புக்குப் போனீங்களாக்கா?" என்றாள் கத்தரிக்காய் மூட்டைக்காரப் பெண். முந்தானை விலகியிருந்தது. "எம் பொண்ணுக்குத்தான்." "அப்படியா!" என்று சிரித்தவளின் பார்வை வளையலிலிருந்து நெற்றிக்குப் போய், விபூதியில் நின்று, மறுபடி வளையலுக்கு வந்து, மூட்டையின் முடிச்சை இறுக்குவதில் மும்முரமாகிவிட்டது. நல்ல பெண், கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கலாமோ என்று அம்சவேணிக்குத் தோன்றியது, முன்பின் தெரியாதவளிடம் சொல்வது எளிது, அம்மா இது என் சிரை, இதற்கு மூச்சு முட்டுகிறது, அதற்கு மேல் என் மகளின் பாசம் உட்கார்ந்திருக்கிறது, நான் எதை எடுப்பேன். அங்கே போனதும் ஊசி போடுகிற சுதாகர் தம்பி முதல் கேள்வியாக, "திரில் இருக்காம்மா?" என்பான், ரீங்காரத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் அது. இல்லையென்றால் எப்போதிலிருந்து என்பான், ஏன் என்பான். தூக்கத்தில் கையை மடித்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம். நித்திலாவிடமும் அதையே சொல்லிவிடலாம். அவளுக்குத் தெரியவே கூடாது, தெரிந்தால் வாழ்நாள் முழுக்க அந்த ஐந்து வளையலை எண்ணிக்கொண்டிருப்பாள், நான் போன பிறகும் எண்ணுவாள். மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைத் தவிட்டு வாசனை ஜன்னல் வழியாக வந்தது. கை மரத்துப்போயிருந்தது. அல்லது குளிர்ந்துபோயிருந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசிக்கும்போதே போன் அடித்தது.

"அம்மா." நித்திலாவின் குரல் தூக்கத்திலிருந்து எழுந்த குரல் மாதிரி இல்லை. "நேத்து போட்டோ அனுப்பியிருக்காங்க. பாத்துட்டு இருக்கேன். நான் எந்தக் கையிலம்மா போட்டேன்?" அம்சவேணி ஜன்னலைப் பார்த்தாள். "கழட்டிட்டியா?" "மூணு கழட்டிட்டேன்." எவ்வளவு யோசித்து வைத்திருந்தாலும் பொய் சமயத்தில் வாய்க்கு வருவதில்லை. "மீதி?" "கை வீங்கியிருக்குடி. ஆஸ்பத்திரிக்குப் போய்…" "திரில் இருக்கா?" அம்சவேணியின் விரல் மறுபடி மணிக்கட்டைத் தேடியது. மறுமுனையில் வளையல்கள் சலசலத்தன, அவள் வாயைப் பொத்திக்கொள்கிறாள். பிறகு, "ஒடைம்மா" என்றாள். "வேணாம் கண்ணு, வளைகாப்பு வளையலு, விடிஞ்சும் விடியாம…" "எம் புள்ளைக்குப் போட்டது என் கையில பத்திரமா இருக்கு. உனக்குப் போட்டது நீ நல்லா இருக்கணும்னு போட்டது. அதுவே உன்னைக் கொல்லணுமா? அன்னிக்கு உங்கிட்ட யாரும் கேக்காம ஒடைச்சாங்க. இன்னிக்கு நான் கேக்கறேம்மா. எனக்காக ஒடை." அழுகிறாள், ஆனால் அழுதுகொண்டே அதட்டுகிறாள், அப்பாவின் அதட்டல். அம்சவேணி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். ஃபிஸ்டுலா கட்டைவிரல் பக்கம் இருக்கிறது, அது படாமல் கையைச் சுண்டுவிரல் பக்கமாகத் திருப்பி, முன் இருக்கையின் இரும்புக் கம்பியில் ஒரு தட்டு. சிவப்பு போனது. "ஒண்ணு" என்றது போன். இன்னொரு தட்டு. பச்சை லேசில் போகவில்லை, இரண்டாவது அடியில் தெறித்து ஒரு சில்லு மடியில் விழுந்தது. பவுனாம்பாள் தட்டியபோது வலித்த மாதிரி வலிக்கவில்லை. கத்தரிக்காய்க்காரப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து, சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பேப்பரில் மடித்து, "கால்ல குத்திடும்க்கா" என்று தன் பையிலேயே போட்டுக்கொண்டாள்.

"இருக்காம்மா?" வளையல் இருந்த இடத்தில் இரண்டு சிவந்த பள்ளங்கள், அவற்றின் நடுவில், தையல் தழும்பின் மேல், சரியான இடத்தில் விரலை வைத்தாள். நடுங்குகிறது. கம்பியும் நடுங்குகிறது. "தெரியலடி. பஸ்ஸு ஆடுது." "எப்ப நிக்கும்?" "சத்திரத்துலதான். இன்னும் ரெண்டு பாலம் இருக்கு." "நான் போனை வைக்க மாட்டேன்" என்றாள் நித்திலா. டோல்கேட்டில் ஆட்கள் ஏறினார்கள், யாரோ யாருடைய காலையோ மிதித்தார்கள். கொள்ளிடம் மணலாகக் கிடந்தது, நடுவில் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர், காலை வெயிலில் அது ஓடுகிறதா நிற்கிறதா என்று மேலிருந்து தெரியவில்லை. ஓடட்டும் என்று அம்சவேணி நினைத்தாள், அவள் எதையும் வேண்டிக்கொள்கிற ஆளில்லை, ஆனாலும் ஓடட்டும். காதில் மகளின் மூச்சு, அதற்குப் பின்னால் துறையூர் வீட்டின் காகம் ஒன்று. காவிரிப் பாலத்தில் குளிர்ந்த காற்று வந்தது, அதில் அரைக் கண் மூடியது, ஸ்கேன் அறையும் பச்சை ரப்பர் பந்தும் தனகோடியின் பேப்பரும் ஒன்றோடொன்று கலந்து மெதுவாக மிதந்தன, விரல் மட்டும் வைத்த இடத்தை விட்டு நகரவில்லை. பேருந்து சத்திரத்துக்குள் வளைந்து நுழைந்தது, கண்டக்டர் விசிலடித்துப் பின்னால் எடுக்கச் சொன்னார், அது ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார்.

கம்பி அடங்கியது. இருக்கை அடங்கியது. கத்தரிக்காய் மூட்டை அடங்கியது. விரலுக்கு அடியிலும் எல்லாம் அடங்கியது போலத்தான் இருந்தது, ஒரு கணம், இரண்டு கணம், அவளுக்குப் போய்விட்டது என்றே தோன்றிவிட்டது. அப்புறம், இலை போட மறந்து இரண்டு நாள் பெட்டிக்குள்ளேயே கிடந்த பொன்வண்டு மாதிரி, மெலிசாக, தயங்கித் தயங்கி, ஜும். நின்றுவிடவில்லை. மறுபடி ஜும். பேருந்து இல்லை, விரல் இல்லை, அதுதான். முழு பலம் இல்லை, டாக்டர் பார்க்க வேண்டும், ஒருவேளை சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், ஆனால் உயிரோடு இருக்கிறது. அம்சவேணிக்கு அழுகை வந்துவிட்டது, இறங்குகிற கூட்டத்தில் யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதாள். "இருக்குடி." "சத்தியமா? எனக்காகச் சொல்லாத." "நீயே கேளு" என்று போனைக் காதிலிருந்து எடுத்து, அதன் வாயை மணிக்கட்டின் தழும்பின் மேல் வைத்துப் பொத்திப் பிடித்தாள். "டீச்சர், சத்திரம் வந்தாச்சு, இறங்கலையா?" என்றார் கண்டக்டர். "ஒரு நிமிஷம் தம்பி" என்றாள் அம்சவேணி, "எம் பொண்ணு கேட்டுட்டு இருக்கா."